இடது கையில் விளக்கு

எங்கள் ஊரில் நகராட்சிச் சங்கு ஊதிய பிறகுதான் ஹாலோவீன் வேஷம் கட்டிய பிள்ளைகள் மிட்டாய் கேட்டுத் தெருவில் இறங்கும். அந்த நேரம் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் மாடி ஜன்னலையும் எதிர்வீட்டு மாக்சீனின் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றவர்கள் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் புல்லில் நட்டுவிட்டு, அதையும் அலங்காரம் என்று பீற்றிக்கொள்வார்கள். என் வீட்டில் பேயே நடமாடும். ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அறைக்குள்ளிருந்து புரொஜெக்டரில் வீடியோவை ஓட்டினால், தெருவில் நிற்பவனுக்குக் குலை நடுங்கும். போன வருடப் பேய் மாக்சீனின் கணவர் லோவெல். முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு, விளக்கை உயர்த்தியபடி வந்து தெருவை முறைப்பார். ஏப்ரலில் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

செத்தவரை அவர் மனைவியின் கண்ணெதிரே பேயாக உலவ விடுவதா? நான் மனுஷன்தானே. இந்த வருடம் நானே போர்வையைப் போர்த்திக்கொண்டு நடித்தேன்.

"இது பேயா? குளிச்சிட்டுத் துண்டு தேடுற ஆள் மாதிரி இருக்கு," என்றாள் என் மனைவி கொரின்.

"நீ பேசாம மிட்டாயைச் சட்டியில கொட்டு."

சங்கு ஊதியது. என் பேயைப் பார்த்துப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திடீரென்று சிரிப்பு அடங்கி, யாரோ வீறிட்டது கேட்டது. நிமிர்ந்தேன். ஜன்னலில் லோவெல் நின்றார்.

என் படம் முடிந்ததும் புரொஜெக்டர் தானாகவே அடுத்ததற்குத் தாவியிருந்தது. அதே பென் டிரைவில் பழைய படமும் இருந்தது. அதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

மாடிக்கு ஓடத் திரும்புவதற்குள் மாக்சீன் தெருவைக் கடந்து வந்துவிட்டாள்.

"என்னய்யா பண்ணி வச்சிருக்க, ஹார்லன்?"

"மன்னிச்சுக்க மாக்சீன், தெரியாம ஓடிடுச்சு. இதோ அணைச்சிடறேன்."

"அணைச்சே, கையை ஒடிச்சிடுவேன். அவருக்கு வலது கை தோளுக்கு மேல எழும்பாதுன்னு உனக்குத் தெரியாதா? அங்க பாரு, வலது கையில விளக்கைத் தூக்குறாரு!"

துணிக்குப் பின்னாலிருந்து ஓட்டினால் படம் இடவலம் மாறித் தெரியும். அதைப் புரட்டிவிட வேண்டும். இது புது புரொஜெக்டர், நான் மறந்திருந்தேன். போர்வைக்குள் இருந்த எனக்கு இடமேது, வலமேது? என் படமும் மாறி ஓடியது யாருக்கும் தெரியவில்லை.

"அது யாரோ. என் ஆள் இல்ல," என்றாள். "சரி பண்ணிக் குடு."

மாடிக்கு ஓடினேன். படத்தைப் புரட்டும் பொத்தானை அழுத்தினேன். இறங்கி வந்தபோது லோவெல் இடது கையில் விளக்கை உயர்த்தித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாக்சீன் எங்கள் வாசற்படியில், கொரினின் மிட்டாய்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தேனீ வேஷத்தில் வந்த ஒரு குட்டிப்பெண் அவளை ஒட்டி நின்றுகொண்டு, "அந்தப் பேய் கீழ வருமா?" என்று கேட்டாள்.

"வராதுடி கண்ணு," என்று மாக்சீன் அவள் பையில் மிட்டாயைப் போட்டாள். "நானும் கூப்பிட்டுப் பாத்துட்டேன்."