எல்லாருக்கும் ஒரே காய்ச்சல்

விளக்கக் கடிதம் எழுதப் பூங்கொடிக்கு இரண்டு நிமிடம் போதும். ஓசூர் கம்பெனியில் அவளுடைய லைனில் லேட்டாக வரும் பெண்களில் பாதிப்பேருக்குத் தமிழ் எழுத வராது. டீ இடைவேளையில் அவளிடம் வந்து நிற்பார்கள். எல்லாருக்கும் ஒரே காய்ச்சல். இனி இப்படி நடக்காது என்று முடித்துக் கொடுத்துவிடுவாள்.

பாகலூர் மங்கம்மாவுக்கு இது மூன்றாவது கடிதம். மூன்றாவதோடு வேலை போகலாம்.

"அதே காய்ச்சல்தானாக்கா?"

"போடு பாப்பா. காய்ச்சலுக்கும் என்னை விட்டா ஆளில்ல."

பூங்கொடி சிரித்துவிட்டாள். பிறகு, இதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டாள். "நெசமா என்னதான்க்கா ஆச்சு?"

மங்கம்மா டீயை ஊதினாள். "கம்பெனி பஸ்ஸுக்கு எங்க ஸ்டாப்புதான் மொதல்ல. டிரைவரு சூடம் கொளுத்தி வண்டி எடுக்கறான். புருசன் இல்லாதவ மொதல்ல ஏறக்கூடாதாம். எங்க ஸ்டாப்பு லட்சுமியம்மா ஏறினா பின்னாடியே ஏறிக்குவேன். அவ லீவு போட்டா கதவே தெறக்காம போயிடறான். மூணு வருசமா எவ முதுகையாவது பாத்துட்டுத்தான் ஏறறேன்."

பூங்கொடி நான்காவது ஸ்டாப்பில் ஏறுகிறவள். கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்து வரும் மங்கம்மாவைத் திமிர் பிடித்தவள் என்று அவளே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காத, டீ ஆறுது" என்றாள் மங்கம்மா.

பூங்கொடி காய்ச்சலை அடித்துவிட்டு, கேட்டதை அப்படியே எழுதினாள். இருவரும் ஆபீஸுக்குப் போனார்கள்.

எச்.ஆர். ஹரீஷ்குமார் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "காய்ச்சல்னு எழுதிக் குடும்மா, இந்த ஒரு தடவ விட்டுடறேன். இதக் குடுத்தா என்கொயரி. டிரைவர் இல்லவே இல்லம்பான். நிரூபிக்க முடியலன்னா வேலை போயிரும்."

பூங்கொடிக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் போகப்போவது தன் வேலை இல்லை. கடிதத்தை மங்கம்மா பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. காய்ச்சல்னாலும் எழுதறேன்."

"என்ன எழுதினன்னு படி."

பூங்கொடி சத்தமாகப் படித்தாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மங்கம்மா முழுதும் கேட்டாள்.

"கதவு தெறக்கலன்னு மட்டும் இருக்குது. என்னைப் பாத்துட்டே தெறக்கலன்னு போடு."

போட்டாள். மங்கம்மா தெலுங்கில் கையெழுத்திட்டாள்.

"என் ஒடம்புக்கு ஒண்ணுமில்ல சார். என்கொயரி வைங்க. டிரைவரோட, அந்த பஸ்ஸுல வர்ற எல்லாரையும் கூப்பிடுங்க. மூணு வருசமா நான் கடைசி சீட்டுல தனியா வர்றத வேடிக்க பாத்தவங்கதானே."

"யாரும் வரமாட்டாங்கம்மா."

பூங்கொடி பேனாவை வாங்கினாள். இதுவரை எழுதிய எந்தக் கடிதத்திலும் அவள் பெயர் இருந்ததில்லை. மங்கம்மாவின் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரையும் டோக்கன் நம்பரையும் எழுதினாள்.

"ஒருத்தி வந்தாச்சு சார். கடிதம் வாங்கினதுக்கு சீல் வைங்க."