லேபிள் இல்லாத பதினான்கு மூட்டைகள்

முதல் பாட்டிலை இயந்திரம் துப்பியது. இரண்டாவதையும் துப்பியது. மூன்றாவதை உள்ளே இழுத்து, ஒரு நொடி யோசித்து, அதையும் துப்பியது.

வெந்நீர்க்காரருக்கு வியர்த்தது.

முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கொதிநீரிலும் நீராவியிலும் சுத்தம் செய்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு டம்ளரைக்கூட வெந்நீர் காட்டாமல் அலமாரியில் ஏற்றமாட்டார். அதனால் குடியிருப்பே அவருக்கு வைத்த பெயர் அது. இன்று பாட்டில் திரும்ப வாங்கும் மையத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் பதினான்கு மூட்டைகள். முப்பது வீடுகள் நான்கு மாதமாகச் சேர்த்துக் கொடுத்த காலி பாட்டில்கள். அவற்றைத் திருப்பிக் கொடுத்து வரும் டெபாசிட் பணத்தில், குடியிருப்பின் வாசல் படிகளை ஒட்டி ஒரு சாய்தளம் கட்டுவதாக ஏற்பாடு. படிகள் ஐந்தே ஐந்துதான். சக்கர நாற்காலியில் இருக்கும் அவர் மனைவி அந்த ஐந்தைத் தாண்டித் தெருவில் இறங்கி எட்டு மாதமாகிறது.

"மெஷின் ரிப்பேராம்மா?"

கவுன்ட்டர் பெண் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். "லேபிள் எங்க சார்?"

"உரிச்சாச்சு. சோடா உப்பு போட்ட வெந்நீர்ல ஊறவச்சு, பசைகூட இல்லாம எடுத்திருக்கோம். கண்ணாடி மாதிரி இருக்கா, இல்லையா?"

"கண்ணாடி மாதிரிதான் இருக்கு. பிரச்சினையே அதான். எல்லாமேவா உரிச்சீங்க?"

"ஒண்ணு விடல." சொல்லும்போதே குரலில் இருந்த பெருமை இறங்கிவிட்டது.

அவள் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டாள். "கடையில வாங்கும்போதே டெபாசிட்டையும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம். அந்தக் காசு கட்டின பாட்டில்னு மெஷினுக்குச் சொல்றது லேபிள்ல இருக்கிற கோடுதான். கோடு இல்லேன்னா, டெபாசிட்டே இல்லாத வெளியூர் சரக்கா இருக்கலாமே, எனக்கு எப்படித் தெரியும்? அழுக்கா கொண்டுவந்திருந்தாக்கூட வாங்கியிருப்பேன் சார். லேசா அலசினா போதும்."

"அப்போ இதெல்லாம்?"

"வெறும் பிளாஸ்டிக். எடைக்குத்தான் எடுக்க முடியும்."

எடைக்கு என்ன வரும் என்பதையும் சொன்னாள். ஒரு மூட்டை சிமென்ட் வாங்கலாம். மணலுக்கு யாரிடமாவது கையேந்த வேண்டும்.

வெளியே சுவரோரம் நின்றபோது, மூட்டை தூக்குகிற ஆள் ஒருவன் பக்கத்தில் வந்து உரசினான்.

"பெருசு, கேட்டுட்டுதான் இருந்தேன். உள்ள பாட்டில் அரைக்கிற இடத்துல லேபிள் தனியா உரிஞ்சு சாக்கு சாக்கா கிடக்கு. நல்லதா பொறுக்கித் தரேன். ஒட்டி எடுத்துட்டு வேற கவுன்ட்டருக்குப் போ. பாதி உனக்கு, பாதி எனக்கு."

"அது ஏற்கெனவே காசு கொடுத்த லேபிளாச்சேப்பா."

"மெஷினுக்கு அது தெரியுமா? நீ என்ன ஊரான் காசையா கேக்கிற? உங்க பாட்டில், உங்க காசு."

நியாயம் போலத்தான் இருந்தது. பாதிப் பணம் என்றாலும் பாதி வேலையைத் தொடங்கலாம்.

"எப்போ தருவே?" என்று கேட்டேவிட்டார்.

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். கறுப்புக் கோடுகள். அதே மாதிரிக் கோடுகளைத்தான் அவர் முப்பத்தோரு வருடமும் பார்த்தார். கருவிப் பொட்டலத்தின் மேல் ஒட்டும் டேப்பில், நீராவிச் சூடு ஏறினால்தான் கோடு கறுக்கும். அதை நம்பித்தான் டாக்டர் கத்தியை எடுப்பார். ஒருமுறை ஓர் உதவியாளர், நீராவியில் வைக்காத பொட்டலத்தில் ஏற்கெனவே கோடு கறுத்த பழைய டேப்பை ஒட்டிவிட்டார். அன்று இவர் போட்ட சத்தத்தில் வார்டே வெளியே வந்து நின்றது.

லேபிளைத் திருப்பிக் கொடுத்தார். "வேணாம்பா."

"பொழைக்கத் தெரியாத ஆளா இருக்கியே!"

மூட்டைகளை எடைக்கே போட்டுவிட்டு வீடு திரும்பினார். மனைவி கதவருகிலேயே காத்திருந்தாள்.

"என்னங்க, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். லேபிள் ஒட்டலாம் என்று ஒரு நிமிடம் நினைத்ததையும் விடவில்லை. அவள் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெந்நீரில் ஊறிய தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது.

"பாதி மூட்டை நான் உரிச்சது. என்னமோ எல்லாம் நீங்களே பண்ணின மாதிரி சொல்றீங்க?"

"வீடு வீடா போய்ச் சொல்லணும். முப்பது வீடு."

"எதுக்கு? வேலை முடிஞ்சு எல்லாரும் இந்தப் படியிலதானே ஏறி வரணும்? என்னை வாசல்ல கொண்டுபோய் விடுங்க."

மேல்படியில் நாற்காலியை நிறுத்தினார். முதலில் வந்தவர் மூன்றாம் மாடித் தச்சர்.

"அண்ணே, நாங்க ரெண்டு பேரும் ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டோம்" என்று அவளே ஆரம்பித்தாள்.

தச்சர் முழுவதையும் நின்று கேட்டார். சிரிக்கவில்லை. "அப்போ இன்னும் நாலு மாசமா?"

"ஆமாண்ணே. இனிமே மூட்டை என்கிட்ட வரட்டும், நானே பார்த்துக்கிறேன். இவரை அடுப்புப் பக்கமே விடமாட்டேன்."

"எங்க வீட்டுல கொஞ்சம் கோபப்படுவாங்க, தங்கச்சி" என்றார் தச்சர், ஒளிக்காமல். பிறகு மாடியேறிப் போனார்.

கீழே அடுத்த செருப்புச் சத்தம். முதல் மாடி டீச்சர், கையில் பை, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். மனைவி வாய் திறப்பதற்குள் வெந்நீர்க்காரர் ஒரு படி கீழே இறங்கி நின்றார்.

"டீச்சர், ஒரு நிமிஷம். என் மேல ஒரு தப்பு."