ஒருக்களித்துப் படுக்க வை

என்னைப் பிணமாகப் படுக்கச் சொன்ன முதல் ஆள் ஸித்தி ஸுபைதாதான். அதுவும் வெள்ளிக்கிழமை, தலைக்குக் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை.

"மல்லாக்கப் படுங்க இராக்கம்மாக்கா. கண்ணை மூடுங்க. நீங்க இப்ப மூச்சுப் பேச்சு இல்லாத ஆள்."

"ஏன்டி, நல்லா இருக்கிற பொம்பளையைப் பொணமாக்கிப் பாக்கிறியா? வேற ஆளே கெடைக்கலையா ஒனக்கு?"

பதுளைச் சிறையின் பெண்கள் பகுதியில் அப்போது என்னைவிடப் பாரமான உடம்பு யாருக்கும் இல்லை. என்னைப் புரட்டப் பழகினால் எவரையும் புரட்டலாம் என்று அவள் சொன்னதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தப் பாவி கையைப் பிடித்துக் கெஞ்சினால் என்னால் மறுக்க முடியாது. திட்டிக்கொண்டே படுத்தேன்.

ஸுபைதாவும் எங்களைப் போலக் கைதிதான். பதுளை டவுன்காரி, தூள் வழக்கு. ஹெரோயினைத் தூள் என்றுதான் அங்கே சொல்வோம். கைதிகளுக்குக் கைதிகளே சுகாதாரம் சொல்லிக் கொடுக்கட்டும் என்று வெளியிலிருந்து வந்த ஓர் அமைப்பு சிலருக்குப் பயிற்சி கொடுத்தது. அதில் அவளும் ஒருத்தி. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு என்று நினைக்கிறேன். நானோ கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சிப் பிடிபட்டு லுணுகலைப் பக்கத்திலிருந்து வந்தவள். எனக்கும் தூளுக்கும் என்னடி சம்பந்தம் என்று வகுப்புக்கு வகுப்பு சத்தம் போடுவேன். கசிப்பு என்னமோ கோயில் தீர்த்தம் மாதிரி!

அன்றைக்குப் பாடம் இதுதான். தூள் அளவுக்கு மிஞ்சி ஒருவர் மயங்கிப் போனால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாராவது மயங்கி விழுந்தால், நிமிர்த்தி உட்கார வைத்துப் பல்லைப் பிளந்து பிளேன்டீ ஊற்றுவதுதான் முதல் வேலை. அது மூச்சுக்குழாய்க்குள் போய் ஆளையே முடித்துவிடும் என்றாள் ஸுபைதா. ஒருக்களித்துப் படுக்க வை. மேல் காலை மடக்கு. மூச்சு வருகிறதா பார். வராவிட்டால் மல்லாத்தி, தலையை நிமிர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயில் வாய் வைத்து ஊது. ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் ஆளை விட்டு நகராதே.

என்னைச் சரியாகப் புரட்டியவள் மதுஷா ஒருத்திதான். மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளை. கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் தூள் பழகிவிட்டாள். சிறைக்கு வந்த புதிதில் தூள் இல்லாமல் வாந்தியும் நடுக்கமுமாகக் கிடந்தவளை மடியில் போட்டு, உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டியது ஸுபைதா. பிறகு மாதக்கணக்கில் அவள் தூளைத் தொடவில்லை. கன்னத்தில் சதை வைத்தது, சிரிக்கத் தொடங்கினாள். பெறாத மகள் என்று நான் அவளைச் சொல்லிக்கொள்வேன்.

அவளுக்கு விடுதலை வந்தது. முந்தின நாள் ஸுபைதா அவளை உட்கார வைத்துப் பேசினாள்.

"வெளிய போய்த் தொடாதே புள்ள. ஆனா அப்பிடித் தொட்டா, பழைய அளவு மட்டும் வாணாம். ஒடம்பு பழக்கத்தை மறந்திட்டுது. முந்தி தாங்கினது இப்ப ஒன்னைக் கொன்னுபோட்டிரும். கொஞ்சமா எடு. மாத்திரை, சாராயம் ஒண்டும் கலக்காதே. தனிய இரிக்காதே, கதவைப் பூட்டாதே. வீட்டுல ஒராளுக்கு இதெல்லாம் பழக்கிக் குடு."

கேட்டுக்கொண்டிருந்த நான் எழுந்து ஸுபைதாவைப் பார்த்துக் கத்தினேன்.

"அடிப்பாவி! திருந்தின புள்ளைக்கு எப்புடி எடுக்கிறதுன்னு பாடம் நடத்துறியா? ஒன் வாய் புழுத்துப் போக!"

ஸுபைதா கோபப்படவில்லை. "என்ட தம்பி புவாத் ஜெயிலால வெளிய போன அன்டைக்கே, கூட்டாளிமார் குடுத்ததை எடுத்து மவுத்தாப் போனான். பழைய அளவுதான். அவனுக்கு ஒருத்தரும் இதைச் சொல்லல்ல அக்கா" என்றாள்.

அது எனக்குக் காதில் ஏறவில்லை. அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். மாரியம்மா, அந்தப் பிள்ளையின் உயிரை மட்டும் காப்பாற்றிக் கொடு என்று தினமும் வேண்டிக்கொள்வேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், கோர்ட்டிலிருந்து வந்த பஸ்ஸில் மதுஷா இறங்கினாள். மறுபடியும் தூள் வழக்கு. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. போச்சு, எல்லாம் போச்சு, இவள் கொடுத்த பாடத்தின் லட்சணம் இதுதான் என்று ஸுபைதாவைத் திட்ட வாயெடுத்தேன்.

அதற்குள் ஸுபைதா ஓடிப் போய் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டாள். முகத்தைத் தடவுகிறாள், கையைத் தொட்டுப் பார்க்கிறாள், அழுகிறாள், சிரிக்கிறாள்.

"உசிரோட வந்திட்டியா புள்ள! அல்ஹம்துலில்லாஹ்! உசிரோட வந்திட்டியா!"

சிறைக்குத் திரும்பி வந்தவளை இப்படி வரவேற்ற ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. மதுஷா அவள் தோளில் சாய்ந்துகொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"போன அன்னிக்கே ஒருத்தன் பசறையில வச்சுக் கையில குடுத்துட்டான் அக்கா. என்னால முடியல. ஆனா எடுக்க முன்ன அம்மாவைக் கூப்பிட்டு, நான் கீழ படுத்து, 'என்னை இப்புடிப் பெரட்டும்மா, இப்புடி ஊதும்மா'ன்னு காட்டிக் குடுத்தேன். ஜெயில்ல வெளையாட்டுப் பழகிட்டு வந்திருக்கான்னு அம்மா சிரிச்சாங்க. கொஞ்சமாத்தான் எடுத்தேன். மாத்திரையும் போட்டுட்டேன். அதை மட்டும் நீங்க சொன்னபடி கேக்கல."

உதடு நீலமாகிவிட்டதாம். லயமே ஓடி வந்திருக்கிறது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் முருகையா பிளேன்டீயோடு வந்து வாயைத் திறக்கப் போனாராம். அவள் அம்மா அந்தக் கோப்பையைத் தட்டிவிட்டு, "எம்மக சொல்லியிருக்கா! ஒரு சொட்டு ஊத்தக் கூடாது!" என்று கத்தியிருக்கிறாள். தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மகளின் வாயில் ஊதிக்கொண்டே போயிருக்கிறாள்.

மடுல்சீமை ரோட்டை நான் அறிவேன். உட்கார்ந்து போகிறவனுக்கே இடுப்பு கழன்றுவிடும். அந்த ரோட்டில், லொறியின் தகரத்தில் முழங்கால் போட்டு, நாளெல்லாம் கொழுந்து பறித்த ஒருத்தி தன் மூச்சைப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டு போகிறாள். யார் சொல்லிக் கொடுத்தது? இந்தச் சிமெண்ட் தரையில், என் பருத்த உடம்பைப் புரட்டிப் புரட்டிப் பழகிய பாடம், சுவரைத் தாண்டி மலையேறி அந்தத் தாயின் கைக்குப் போயிருக்கிறது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. அம்மா தாயே! கற்பூரம் காட்டும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

மதுஷா திருந்தினாளா என்றால் இல்லை. அன்றைக்கும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஸுபைதா உப்பும் சீனியும் தேடிப் போனாள்.

அடுத்த வகுப்பில் ஸுபைதா பாயை விரித்துவிட்டு ஆள் தேடினாள். திட்டு வாங்கிய பயத்தில் என் பக்கம் பார்க்கவே இல்லை. நானே எழுந்து போய் நடுவில் மல்லாக்கப் படுத்தேன்.

"கண்ணை மூடிட்டேன்டி. பெரட்டச் சொல்லு."

புதிதாக வந்த ஒரு பெண் என் தோளைத் தொட்டாள். கை ஜில்லென்று இருந்தது, அழுத்தத் தயங்கியது.

"பயப்படாத புள்ள, நல்லா அழுத்திப் புடி. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"பொணம் பேசப்படாது அக்கா" என்றாள் ஸுபைதா.

நான் வாயை மூடிக்கொண்டேன்.