கேன்காரன் வீட்டு ஃபில்டர்

பரோட்டாக் கடைக்காரன் பெண்டாட்டி எதிர்க்கடையில் போய் சால்னா வாங்கினால் தெரு என்ன பேசும்? மேலப்பாளையத்தில் அந்தத் தெரு அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் தண்ணீர் கேன் போடுகிற தாவூதின் வீட்டில், அவன் பெண்டாட்டி ஃபஹ்மிதா குழாய்த் தண்ணீரை ஃபில்டரில் ஊற்றிக் குடிக்கிறாளாம். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஃபில்டர் ஒன்றும் பெரிய மிஷின் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்த இரண்டு எவர்சில்வர் டிரம். மேலே ஊற்றினால் வெள்ளைக் கேண்டில் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். முக்கூடலில் இருக்கிற ஃபஹ்மிதாவின் உம்மா வாங்கிக் கொடுத்தது. அதன் குழாய் மட்டும் கோணல் பிடித்தது. சும்மா திருகினால் அடியில் ஒழுகிக் காலை நனைக்கும். கட்டைவிரலால் இடது பக்கம் அமுக்கிக்கொண்டு பையத் திருக வேண்டும். அந்தப் பக்குவம் தனக்கும் மகள் முஃபீதாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று ஃபஹ்மிதா நினைத்திருந்தாள்.

அவள் வேண்டுமென்று வம்பு பண்ணவில்லை. பிள்ளைக்கு வாரக்கணக்கில் வயிற்று வலி. மருந்து வாங்கி ஊற்றி அலுத்துப்போன ஒரு நாளில், சோற்றுவாளியோடு வண்ணார்பேட்டையில் தாவூது கேன் அடுக்கி வைக்கும் கிட்டங்கிக்குப் போனாள். தகரக் கூரைக்கு வெளியே, உச்சி வெயிலில், கேன்கள் அடுக்கி நின்றன. ஒரு கேனின் அடியில் பச்சையாக ஏதோ ஆடியது. குனிந்து பார்த்தாள். பாசி.

"மச்சான், இத யாருக்கு அனுப்பப் போறீக?"

"ஒரு கேன்ல இருந்தா எல்லாத்துலயும் இருக்குமாட்டி? அலசிட்டாப் போச்சு."

அலசக்கூட இல்லை. வேறொரு கேனுக்குப் பின்னால் தள்ளி வைத்தான். அதை அவள் கண்ணால் பார்த்தாள். வீட்டுக்கு வந்து முக்கூடலுக்குப் போன் போட்டாள். இரண்டாம் நாள் ஃபில்டர் வந்துவிட்டது. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து, காய்ச்சி, ஆறவைத்து அதில் ஊற்றினாள். பிள்ளையின் வயிறு அடங்கியது. அது தண்ணீராலா மருந்தாலா என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் இனி அந்தக் கேனில் கை வைக்கப்போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் குருச்சேத்திரம்தான். அவள் மாமி அலிமா பீவிக்கு ஃபில்டரைக் கண்டாலே ஆகாது.

"ஆத்துல ஊர்ச் சாக்கடை அம்புட்டும் விழுது. அதப் பிடிச்சு என் பேத்திக்கு ஊட்டுதா. என் மவன் யாவாரத்துல மண்ணள்ளிப் போடத்தான் முக்கூடல்லேர்ந்து இவள அனுப்பி வச்சிருக்காக."

"சாக்கடை விழுதுன்னுதான் மாமி காய்ச்சுதேன், வடிகட்டுதேன். உங்க மவன் கேன யாரு வடிகட்டுதா?"

"வாய் பாரு, வாய்! கொடுக்குக்குக் காலு முளைச்ச மாதிரி."

இதில் இன்னொரு எரிச்சலும் சேர்ந்தது. கீழ் டிரம்மில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. படுக்கும்போது முக்கால் இருக்கும், விடிந்தால் பாதி இருக்காது. மாமிதான் வயிற்றெரிச்சலில் சாக்கடையில் திறந்துவிடுகிறாள் என்று ஃபஹ்மிதா நம்பினாள். ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டாள். அலிமா பீவி தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு தொழுகிற திசையான கிப்லாப் பக்கம் கையை நீட்டினாள்.

"அல்லா மேல ஆணை. உன் எழவு ஃபில்டர நான் விரலால கூடத் தொடல. தொட்டா என் கை வெளங்காது!"

பொய்ச் சத்தியம் பண்ணுகிற கிழவி என்று ஃபஹ்மிதா மனசுக்குள் கருவிக்கொண்டாள். மாமியின் மேல் அப்போது அவளுக்கு வந்த வெறுப்பு சும்மா வெறுப்பு இல்லை. ஒரே பானையில் சோறு தின்பதே கசந்தது.

நோன்பு மாதம் வந்தது. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டி முடித்திருந்தார்கள். அதற்கு யாருடைய தண்ணீர் என்பது நிர்வாகத்தில் இருக்கிற முகம்மது சுல்தான் ஹாஜியாரின் வாயில் இருந்தது. ஹாஜியார் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரைத் தாவூது நோன்பு திறக்க வீட்டுக்கே அழைத்துவிட்டான். அழைத்துவிட்டு வந்து பெண்டாட்டியின் முன் நின்றான்.

"நாளைக்கு ஹாஜியார் வாராக. அதுக்குள்ள இந்தச் சனியன் வீட்ட விட்டுப் போயிருக்கணும்."

"எது சனியன்?"

"ஃபில்டர். கேன்காரன் வீட்லயே கேன் தண்ணி குடிக்க மாட்டாங்கன்னு தெருவே சிரிக்குது. இந்த வீட்ல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நீ இருக்கணும்."

"அப்ப நானும் போறேன்."

"போ. யாரு பிடிச்சா?"

யாரு பிடிச்சா என்ற அந்தச் சொல் ஃபஹ்மிதாவின் நெஞ்சில் முள்ளாக இறங்கியது. பத்து வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷன் இத்தனை லேசாகச் சொல்லிவிட்டான். அவள் அழவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்து, தனக்கும் பிள்ளைக்கும் துணிகளை அடுக்கினாள். மாமி வாசல்படியில் நின்று பார்த்தாள். நிற்கச் சொல்லவில்லை. ஹாஜியார் வந்துபோகட்டும், வீடு தேடி வந்த ஆளுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டுப் போகிறேன் என்று ஃபஹ்மிதா இருந்தாள். அவள் உம்மா அவளை அப்படி வளர்த்திருந்தாள்.

மறுநாள் மாலை அஸர் தொழுதுவிட்டு வந்த தாவூது, ஃபில்டர் அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். பல்லைக் கடித்தான்.

"தூக்கிக் கொல்லையில வையி."

"நீங்களே தூக்கி வைங்க."

இரண்டு கையாலும் பிடித்தான். உள்ளே தண்ணீர் தளும்பியது. என்ன நினைத்தானோ, தூக்காமல் விட்டுவிட்டான். ஒரு துவாலையை எடுத்து அதன் தலையோடு போர்த்தினான். பிறகு உள்ளறையில் சாப்பாட்டு விரிப்பான சுப்ராவை விரித்து, பேரீச்சம்பழமும் வடையும் வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன பாட்டிலை நிறுத்தினான். எல்லாம் அவன் கிட்டங்கிச் சரக்கு. மூடி திருகாத புது பாட்டில். ஹாஜியார் கண்ணுக்கு நேராகப் பெயர் தெரிகிற மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி வைத்தான்.

ஹாஜியார் வந்து சலாம் சொல்லி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து அடுப்படி நிலை நேராகத் தெரிந்தது. வெயில் நாள். பகலெல்லாம் லோடு இறக்கிய தாவூதுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பள்ளிவாசலிலிருந்து வந்த கஞ்சி அடுப்படியில் இருப்பது கடைசி நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. வாயில் போட ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து ஓடினான். கஞ்சிச் சட்டியைப் பிடித்தான். பாங்கு ஒலித்தது.

பாங்கு கேட்டபின் நோன்பைத் தள்ளிப்போடக் கூடாது. பழம் வாய்க்குள் போனது. "பிஸ்மில்லா" என்று வாய் முணுமுணுத்தது. அவன் கை தன்பாட்டில் துவாலையை விலக்கியது. மேலே கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்தது. கட்டைவிரல் குழாயின் இடது பக்கத்தை அமுக்கியது. பையத் திருகியது. ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூன்று மடக்கு குடித்தான். "அல்ஹம்துலில்லாஹ்" என்றான்.

ஃபஹ்மிதா அடுப்புப் பக்கத்தில் நின்று அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்தாள். ராத்திரி ராத்திரியாகக் குறைந்த தண்ணீர் எங்கே போனது என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. கிழவி சத்தியம் பண்ணினது மெய். பகலில் ஃபில்டரைச் சனியன் என்று சொன்ன வாய்தான் இருட்டில் வந்து அதில் குடித்திருக்கிறது. பிள்ளைக்குப் பாசித் தண்ணீர் போதும், தனக்கு மட்டும் நல்ல தண்ணீர் வேண்டும். 

"ஏ தாவூது" என்று ஹாஜியாரின் குரல் உள்ளறையிலிருந்து வந்தது. அவர் கையில் பாட்டில் இருந்தது. மூடியை இன்னும் திருகவில்லை. "எங்களுக்கு பாட்டில வச்சிட்டு நீ எதுலலே குடிக்கே?"

தாவூது கண்ணைத் திறந்தான். கையிலிருந்த டம்ளரைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"அது... கேன் தண்ணிதான் ஹாஜியாரே. குளுமையா இருக்கட்டும்னு இதுல ஊத்தி வச்சிருக்கு." சிரிக்கப் பார்த்தான். "என்ன ஃபஹ்மிதா, சொல்லேன். நம்ம கேன் தண்ணிதானே?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மாமி கண்ணாலேயே மிரட்டினாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மண்டபம் கிடைக்கும், பெட்டி கட்டிலுக்கு அடியில் திரும்பிப் போகும், பிள்ளைக்கு வாப்பா வீடு இருக்கும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"நான் இன்னும் நோம்பு தொறக்கல மச்சான்" என்றாள் ஃபஹ்மிதா. "பகலெல்லாம் பட்டினி கெடந்துட்டு, பொய் சொல்லியா தொறக்கச் சொல்லுதீக?"

அவன் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். அதே குழாயில் பிடித்தாள்.

"இது ஆத்துத் தண்ணி ஹாஜியாரே. காய்ச்சி வடிகட்டுனது. இந்த வீட்ல எல்லாரும் இதத்தான் குடிக்கோம், மாமியத் தவிர."

நின்றபடி குடிக்காமல், குந்தி உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தாள். அந்த வீட்டில் அவள் குடித்ததிலேயே அதுதான் ருசியான தண்ணீர்.

ஹாஜியார் பாட்டிலைத் திறக்காமலே சுப்ராவில் வைத்தார். கஞ்சியைக் குடித்தார். "மஃரிபு தொழ நேரமாச்சு" என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஊருக்குத்தான் உபதேசமாக்கும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பக்கூட இல்லை. தாவூது கத்தினான்.

"திருப்தியாட்டி? என் சோத்துல மண்ணப் போட்டாச்சுல்லா? எடு பெட்டிய! இப்பமே எடு!"

"போகட்டும்லே, பீடை" என்றாள் அலிமா பீவி.

ஃபஹ்மிதா பெட்டியை இழுத்து வாசலில் வைத்து, தெருவில் போன ஆட்டோவை நிறுத்தினாள். முஃபீதாவின் காலில் செருப்பை மாட்டினாள். மாமியின் எதிரில் வந்து நின்றாள்.

"மாமி, தண்ணிய நீங்க கொட்டுதீகன்னு சந்தேகப்பட்டேன். அது தப்பு. மன்னிச்சிருங்க. மத்ததுக்கு ஒண்ணும் நான் மன்னிப்புக் கேக்கப் போறதில்ல."

 ஃபஹ்மிதா திரும்பிப் போய், ஃபில்டரின் மேல் டிரம்மைக் கழற்றினாள்.

"அத எதுக்கு எடுக்கே?" என்றான் தாவூது. கத்தல் போய்விட்டது.

"எங்க உம்மா வாங்கித் தந்தது."

அவன் பெட்டியைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான். ஏதோ சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. போகாதே என்று சொன்னால்கூட நின்றுவிடலாம் என்று அந்தக் கணத்தில், வெட்கம் கெட்டுப்போய், அவள் நினைத்தாள்.

"அது இங்கன இருக்கட்டும்" என்றான்.

ஃபில்டர் இருக்கட்டும். அவ்வளவுதான் அவன் சொன்னது.

ஃபஹ்மிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. இரண்டையும் விழுங்கினாள். கீழ் டிரம்மில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு செம்பில் சரித்து, அவன் காலடியில் வைத்தாள். காலி டிரம்கள் இரண்டையும் துவாலையில் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பிள்ளை முன்னால் போய் ஆட்டோவில் ஏறியது.

படியிறங்கும்போது அவள் ஒருமுறை திரும்பினாள்.

"செம்புல உள்ளது இன்னைக்கு ராத்திரிக்குக் காணும் மச்சான். விடியக்காலம் சஹருக்குத்தான் கேன் இருக்குல்லா?"