பூவாத்தா ஜெயித்த நாள்

ஜெர்மன் சண்டை முடியப்போகிறது என்று போடிச் சந்தையில் பேசிக்கொண்ட ஐப்பசி மாதம் அது. மலைக் கணவாயான மெட்டைத் தாண்டி ஏலக்காய் எடுக்கப் போனவர்களில் பாதிப்பேர் காய்ச்சலில் விழுந்து திரும்பி வரவில்லை. காசிமாயனும் அவன் பெண்டாட்டி பொன்னுமணியும் வரவில்லை. இரண்டு பேரையும் தோட்டத்து ஓரத்திலேயே புதைத்துவிட்டதாகப் பொதிமாட்டுக்காரர் ஒருவர் அடிவாரத்துச் சிலமலை ஊருக்கு வந்து சொன்னார். கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கிக் குடிக்காமல், தொற்றுக்குப் பயந்து, நின்றவாக்கில் போய்விட்டார்.

அவர்களுடைய பெண்கள் இருவரும் அப்போது தாய்மாமன் சீனிச்சாமி வீட்டில் இருந்தார்கள். காய் எடுப்பு முடியும்வரை பார்த்துக்கொள் என்று தங்கச்சி பொன்னுமணி அவரிடம் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். மூத்தவள் வள்ளிக்குப் பதினொரு வயது, சின்னவள் ராக்குக்கு ஆறு.

வள்ளி அழுதாள். ராக்கு அழவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"எங்க ஆத்தாவ ஆரு கொண்டுபோனது?"

"காய்ச்சல் கொண்டுபோயிருச்சு தாயி," என்றாள் அத்தை அய்யம்மாள்.

"காய்ச்சல்னா ஆரு? ஆம்பளையா, பொம்பளையா?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். கேள்வி கடைசியில் வள்ளியிடம் வந்து நின்றது.

மழை பொய்த்த வருஷம். மாமாவின் நாலு குறுக்கம் நிலத்தில் ஒரு குறுக்கம்தான் சோளம் கதிர் பிடித்திருந்தது. அதையும் கிளி கொத்தாமல் காக்க அக்காளும் தங்கச்சியும் பகலெல்லாம் பரண்மேல் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே மலை. மலைக்கு மேலே மேகம். ஒருநாள் அந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டே வள்ளி சொன்னாள்.

"காய்ச்சல்ங்கிறது பொம்பளைதான். அவ பேரு நடுக்கத்தி. மெட்டுக்கு மேல குகைக்குள்ள இருக்கா. அவளுக்கு எப்பவும் குளிரும். அதனால மனுசங்க மேல இருக்கிற சூட்டைத் திருடுவா. கறுப்புக் கம்பளியத் தலையோட போத்திக்கிட்டுத்தான் இறங்கி வருவா."

ராக்குவின் கண் மலையை விட்டு நகரவில்லை. "அவள அடிக்க ஒருத்தரும் இல்லையா?"

"இருக்காளே. பூவாத்தா."

ஏலப்பூ செடியின் உச்சியில் பூக்காது, அடித்தூரில் சரஞ்சரமாக மண்ணோடு மண்ணாகக் கிடந்து பூக்கும் என்று ஆத்தா ஒருதரம் சொல்லியிருந்தாள். மலையைப் பற்றி வள்ளிக்குத் தெரிந்ததெல்லாம் ஆத்தா சொன்னதுதான். அதிலிருந்து அவள் பூவாத்தாவை உண்டாக்கினாள். கட்டைவிரல் உயரம். வெள்ளைச் சேலையில் ஊதா வரி. இலைக்கடியில் இருந்துகொண்டு நடுக்கத்தியின் காலடியை வேவு பார்ப்பாள். ரத்தம் குடிக்கும் அட்டைகளெல்லாம் அவளுடைய படை.

சண்டை தொடங்கியது. ஒருநாள் அட்டைப்படை நடுக்கத்தியின் காலைக் கவ்வும். மறுநாள் நடுக்கத்தி பனியை ஊதி அட்டைகளை விறைக்க வைப்பாள். ராக்கு சோற்றை மறந்து கேட்பாள். ஒரு மத்தியானம் அவளே கேட்டாள்.

"பூவாத்தா ஜெயிச்சா ஆத்தா வந்துருமா?"

வள்ளி கவணில் கல்லை வைத்துக் கிளியே இல்லாத பக்கம் வீசினாள். "சண்டை முடியட்டும்," என்றாள்.

அதிலிருந்து அவளால் சண்டையை முடிக்க முடியவில்லை. பூவாத்தா தோற்றால் ராக்கு தாங்கமாட்டாள். ஜெயித்துவிட்டாலோ, ஆத்தாவை எங்கிருந்து கொண்டுவருவது? தினமும் பூவாத்தாவுக்கு ஏதாவது ஒரு இடைஞ்சலை உண்டாக்கினாள். ஈட்டி முறிந்தது. ஆறு குறுக்கே வந்தது. வழி தவறியது.

மார்கழியில் கதிர் அறுத்தபோது இரண்டு மூட்டைகூடத் தேறவில்லை. வீட்டில் சோளம் கொட்டிவைக்கும் மண் குலுக்கை காலியாகவே கிடந்தது. அத்தை அப்போது நான்காவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். கஞ்சியில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. அத்தை யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. தன் பிள்ளைகளுக்கும் அதே தண்ணீரைத்தான் ஊற்றினாள். அதைப் பார்த்திருந்ததால் வள்ளிக்கு அவள்மேல் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மேலே ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் கொட்டகையில் வேலை பார்க்கும் தவசி என்பவரின் பெண்டாட்டி சிலமலைக்கு வந்தாள். பேர் செல்லத்தாய். பிள்ளையில்லாதவள். காய்ச்சலில் விழுந்து பிழைத்தவள். பொன்னுமணிக்குக் கடைசித் தண்ணீர் ஊற்றியதே தான்தான் என்றாள்.

"சாகுறப்ப ரெண்டு பிள்ளை பேரையும் சொல்லிக்கிட்டே இருந்துச்சுண்ணே," என்று சீனிச்சாமியிடம் சொன்னாள். "சின்னதை எனக்குக் குடுங்க. என் வயித்துல பிறந்ததா வளக்குறேன்."

சீனிச்சாமி காலிக் குலுக்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சரி என்றார்.

வள்ளி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "மாமா, நானும் போறேன். ரெண்டு பேரும் போறோம்."

"நீயும் போயிட்டா உங்க அத்தைக்கு ஆரு துணை? மாசமும் ஆயிருச்சு. மூணு பிள்ளைகள ஆரு பாக்குறது?" மாமா அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உனக்கு ஒண்ணும் கெடுதல் நெனைக்கல தாயி. அவளாவது வயிறாரத் திங்கட்டும்."

செல்லத்தாயும் தலைகுனிந்தாள். "எங்க குடிசையில நாலு பேரு காலை நீட்டுனா கதவு சாத்தாது, மோளே. இருந்தா விட்டுட்டுப் போவேனா?" மலையில் மலையாளத்தாரோடு பழகிய பேச்சு அவளுக்கு.

அந்த நேரம் பார்த்துத்தான் ராக்கு தெருவிலிருந்து உள்ளே வந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். தலையோடு போர்த்திய கறுப்புக் கம்பளி. காய்ச்சல் தின்ற முகம், குழி விழுந்த கண். செல்லத்தாய் ஆசையோடு கையை நீட்டினாள்.

"நடுக்கத்தி!" என்று வீறிட்டாள் ராக்கு. நீட்டிய கையைக் கடித்தாள். ரத்தம் வந்துவிட்டது. உள்ளே ஓடி, உரல்மேல் ஏறி, காலிக் குலுக்கைக்குள் குதித்தாள்.

மாமா கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். எட்டவில்லை. அத்தை கெஞ்சினாள். மாமன் பிள்ளைகள் வெல்லத்துண்டு காட்டின. குலுக்கைக்குள்ளிருந்து அழுகை மட்டும் வந்தது. குலுக்கையை உடைத்தால் அடுத்த வெள்ளாமைக்கு வேறு குலுக்கை செய்ய வேண்டும். உடைக்கிற மண் பிள்ளை தலையில் விழும். பொழுது உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் மெட்டு ஏற வேண்டும் என்று செல்லத்தாய் கடிபட்ட கையைத் துணியால் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"வள்ளி," என்றார் மாமா. "நீ சொன்னாத்தான் வருவா. சொல்லு."

"என்ன சொல்றது மாமா?"

"நீதானே அவளுக்குக் கதை சொல்லி வச்சிருக்க? மாத்திச் சொல்லு."

வள்ளி அத்தையைப் பார்த்தாள். அத்தை சுவரைப் பார்த்தாள். வள்ளி செல்லத்தாயைப் பார்த்தாள். நல்லவள் மாதிரிதான் இருந்தாள். நல்லவள்தானா? பதினொரு வயதில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அவள் உரல்மேல் ஏறிக் குலுக்கையின் வாய்க்குள் குனிந்தாள். இருட்டுக்குள் இரண்டு கண்கள் தெரிந்தன.

"ராக்கு. அது நடுக்கத்தி இல்ல."

"கம்பளி போட்டிருக்கா."

"அது நடுக்கத்தியோட கம்பளிதான். அவளை அடிச்சுப் போட்டுட்டுப் பிடுங்கிட்டு வந்தது. வந்திருக்கிறது பூவாத்தா."

உள்ளே அழுகை நின்றது.

"பூவாத்தா குட்டியாத்தான இருப்பா?"

"ஜெயிச்சுட்டாள்ல. வளந்துட்டா."

"நெசமா ஜெயிச்சுட்டாளா?"

"ஜெயிச்சுட்டா."

வள்ளிக்கு அடுத்து என்ன கேள்வி வரும் என்று தெரியும். வராமல் இருக்கட்டும் என்று கருப்பசாமியை வேண்டினாள். வந்தது.

"அப்ப ஆத்தா எங்க?"

மாமா, அத்தை, செல்லத்தாய் மூன்று பேரும் பின்னால்தான் நின்றார்கள். ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

"மேலதான் இருக்கு," என்றாள் வள்ளி.

பொய் சொல்லவில்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலேதான் புதைத்திருந்தார்கள்.

ராக்கு இரண்டு கையையும் மேலே தூக்கினாள். மாமா இழுத்து வெளியே எடுத்தார். தலையெல்லாம் சோள உமி. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே செல்லத்தாயிடம் போய் அவள் விரலைப் பிடித்தாள்.

"வெரசா போவோம்," என்றாள். அக்காளைத் திரும்பிப் பார்த்து, "நான் போயி ஆத்தாவக் கூட்டியாறேன்," என்று சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு போனாள்.

வள்ளி அன்றைக்கு மாமன் பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், அத்தைக்கு வெந்நீர் வைத்தாள். கைகள் பாட்டுக்கு வேலை பார்த்தன. பரண் பக்கம் பிறகு அவள் போகவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, பதிமூன்று வயதில், அவளும் காய் எடுக்க மலையேறினாள். அமாவாசை என்ற கங்காணி கூட்டிப்போன தோட்டத்திலிருந்து தவசியின் குடிசை இரண்டு ஓடை தள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு தங்கச்சியைப் பார்க்கப் போனாள்.

ராக்கு வளர்ந்திருந்தாள். கன்னம் பூரித்திருந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தது. அக்காளைக் கண்டதும் ஓடிவரவில்லை. வாசல் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ராக்கு, என்னையத் தெரியலையா?"

"தெரியுது."

செல்லத்தாய் கஞ்சி கொண்டுவரப் போனாள். ராக்கு அப்போதுதான் மேற்கொண்டு பேசினாள். குரல் உயரவே இல்லை.

"ஒவ்வொரு செடியா இலையத் தூக்கிப் பாத்தேன். ஆத்தா இல்ல. அப்புறம் அப்பா கூட்டிட்டுப் போயி ஒரு இடத்தக் காட்டுனாரு. மண்ணுதான் இருந்துச்சு."

அவள் அப்பா என்றது தவசியை. வள்ளி அவள் கையைப் பிடிக்கப் போனாள். ராக்கு கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீதான மேல இருக்குன்னு சொன்ன?"

மாமா சொல்லச் சொன்னார் என்று சொல்லலாம். வீட்டில் கஞ்சி இல்லை என்று சொல்லலாம். எட்டு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

புறப்படும்போது செல்லத்தாய் ஓடை வரைக்கும் கூட வந்தாள். "அந்த மண்ணைப் பாத்தப்புறம் மூணு மாசம் சோறு தண்ணி இறங்கல அவளுக்கு," என்றாள். "இப்பத்தான் என்னைய ஆத்தாங்கிறா. கோவிச்சுக்காத மோளே. அடிக்கடி வராத. வந்தாலும் பழசு ஒண்ணும் பேசாத."

"சரி சின்னாத்தா," என்றாள் வள்ளி.

தூறல் விழுந்தது. குடிசையிலிருந்து ராக்கு, "ஆத்தா, நனையுற!" என்று கூப்பிட்டாள். செல்லத்தாயின் முகம் அந்தக் குரலுக்கு மலர்ந்ததை வள்ளி பார்த்தாள். செல்லத்தாய் திரும்பிக் குடிசைக்கு நடந்துவிட்டாள். வள்ளி சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, வழுக்குப் பாறையில் கால் வைத்து, ஓடைக்குள் இறங்கினாள்.