பரணில் ஒரு நாற்பது வாட்ஸ்

கொளஞ்சியம்மாள் 1970 ஐப்பசியில் தன் வீட்டுப் பரணில் ஏறியவள், இரண்டு வருஷம் கழிந்தும் இறங்கவில்லை. மழைக்கு உப்பளத்தை மூடியதும் பரணிலிருந்த கேழ்வரகுப் பானையை எடுத்துக் கொடுத்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த புருஷன் சகாதேவன் வாங்கிக் கீழே வைத்தான். "மூடிய எடுத்தாந்துடறேன்" என்று இருட்டுக்குள் திரும்பினாள், அவ்வளவுதான். மரக்காணத்தில் ஆள் காணாமல் போவது புதிதல்ல, கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இவள் காணாமல் போகவில்லை, கூப்பிட்டால் "தோ வர்றேன்" என்று பதில் சொன்னாள். அந்த மாசியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் ஏணியடியில் நின்று பேரும் வயசும் கேட்டு, அவள் மேலிருந்து சொன்னதை எழுதிக்கொண்டு, வீட்டில் இரண்டு பேர் என்று போட்டுவிட்டுப் போனார். அதில் தப்பொன்றும் இல்லை.

முதல் வருஷம் பரண் விளிம்பில் வைத்த சோற்றுத்தட்டு காலியாகத் திரும்பியது. அடுத்த வருஷம் பாதி மிஞ்சியது, பிறகு தட்டை யாரும் தொடவேயில்லை. குரலும் முதலில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, பிறகு அடுத்த தெருவுக்குப் போய், கடைசியில் பக்கத்து ஊர் கூனிமேட்டிலிருந்து கூப்பிடுவதுபோல் ஆகிவிட்டது. பரண் என்னவோ பனஞ்சட்டம் போட்ட ஆறடிக்கு எட்டடிதான். சகாதேவன் இரண்டு தரம் தவழ்ந்து உள்ளே போனான். சுவர் அகப்படவில்லை, முட்டியின் கீழ் பலகை போய்க்கொண்டே இருந்தது, பயந்து திரும்பிவிட்டான். அவனுக்கு அழுகை வரவில்லை. பகலில் உப்பு வாரினான், பொழுது சாய்ந்தால் ஏணியடியில் உட்கார்ந்தான், மனசு மரத்துக் கிடந்தது. இந்தக் குரலும் ஒரு நாள் நின்றுவிடும் என்பது மட்டும் தெரிந்தது. அவன் அக்காள் ஆராயி இடையஞ்சாவடியிலிருந்து வந்து, வேறு பெண் பார்க்கட்டுமா என்று ஏணியடியிலேயே நின்று கேட்டாள். "எனக்குக் காது கேக்குது அண்ணி" என்று தூரத்திலிருந்து பதில் வந்தது. ஆராயி காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள்.

இருட்டில் வழி தெரியாமல்தான் சுற்றுகிறாள், லைட் போட்டால் வந்துவிடுவாள் என்ற யோசனை அவனுக்கு 1973 பங்குனியில் வந்தது. கூடத்தில் ஏற்கெனவே ஒரு பல்பு இருந்தது. வயர்மேன் தேவநாதன் அந்த ஏணியில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லி, கீழே நின்றபடி பாடம் நடத்தினார். "மொதல்ல மெயின ஆஃப் பண்ணுப்பா. செவப்புதான் ஆளக் கொல்றது, அத சுவிட்சுக்கு உடு. எர்த்துக்குக் கொல்லையில குழி வெட்டி, உப்பும் அடுப்புக்கரியும் போட்டு, அப்பப்ப தண்ணி காட்டு." வயரையே தொட்டறியாத சகாதேவன் வயர் ஓட ரீப்பர் கட்டை அடிக்கவும் கிளிப் மடக்கவும் மூன்று நாள் எடுத்துக்கொண்டான், கட்டைவிரல் நகம் ஒன்று போயிற்று. ஆனால் உப்பு, தண்ணி என்று காதில் விழுந்ததும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அந்த வேலையை அவனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? குழிக்குப் பதில் பாத்தி கட்டினான். களிமண்ணை மிதித்து இறுக்கி, வரப்பு வைத்து, அளத்து நீரைக் குடம் குடமாகச் சுமந்து வந்து பாய்ச்சி, நடுவில் எர்த் கம்பியை நட்டான். தேவநாதன் தலையில் அடித்துக்கொண்டார். நாலாம் நாள் பாத்தியில் உப்பு விளைந்தது. பிறகு கம்பி வழியே சுவரேறி சுவிட்சுக்குள்ளும் விளைந்தது. அதற்கப்புறம் சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் பல்பு எரிந்தது.

வெளிச்சத்தில் பரண் ஆறடிக்கு எட்டடியாக இருந்தது. ஒட்டடை, ஓட்டைக் குடம், சுவர். ஆள் இல்லை, கூப்பிட்டால் பதிலும் இல்லை. ஒன்பது நாள் பல்பு எரிந்தது, ஒன்பது நாளும் சத்தமில்லை. இருந்த குரலையும் தன் கையாலேயே தொலைத்துவிட்டதாக நினைத்து, பத்தாம் நாள் மத்தியானம் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பல்பைக் கழற்றினான். இருட்டியதும் இரண்டு தெரு தூரத்திலிருந்து குரல் வந்தது.

"எதுக்குய்யா அணைச்சே? அதப் பாத்துதான் வந்துகினு இருந்தேன்."

"எரியறப்ப உன் சத்தமே காணமே."

"நான் கத்திக்கினுதான் இருக்கேன், உனக்குதான் கேக்கல. மாட்டுய்யா, வழி மறையுது."

மாட்டினான். சுவர் வந்தது, குரல் போயிற்று. அன்றிலிருந்து பல்பு பியூஸ் ஆனால் அந்த நாழிகையே வேறு மாட்டுகிறான். அதற்கடுத்த வருஷங்களில் கரண்ட் மணிக்கணக்கில் நின்றபோது ஊரே வைதது. அப்போதெல்லாம் சகாதேவன் ஏணியேறி, எதுவரை வந்திருக்கிறாய் என்று கேட்பான். கிட்டத்தில்தான் என்பாள்; ஆனால் ஒவ்வொரு தரம் நிற்கும்போதும் வழி தவறிக் கொஞ்சம் பின்னால் போய்விடுவாள். கரண்ட் நிற்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டான், நின்றால் சந்தோஷப்பட்டான்.

இப்போது 1979. கரண்ட் அவ்வளவாக நிற்பதில்லை. உப்பளத்தில் கூட வேலை செய்கிறவர்கள், எதுவரை வந்துவிட்டாள் என்று சாதாரணமாக விசாரிக்கிறார்கள். நல்லபடியாக வந்துகொண்டிருப்பாள் என்கிறான் சகாதேவன். அவள் குரலைக் கேட்டு ஏழு மாதமாகிறது.