கழுவிப் பூட்டிய கக்கூஸ்

என் மகள் கிருபா ரயிலில் அடிபட்டுச் செத்த அன்று அவள் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன். தாம்பரம் தாண்டி, தண்டவாளத்தை ஒட்டியிருந்த அரசாங்கப் பள்ளிக்கூடம். எட்டாவது படித்தாள்.

பொம்பளைப் பிள்ளைகளுக்கென்று அங்கே அரசாங்கம் ஒரு கக்கூஸ் கட்டிக் கொடுத்திருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. சாவி ஹெட்மாஸ்டர் ராஜகோபாலன் சாரிடம். கழுவுகிற வேலை மட்டும் எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு. ஏன் என்று ஒருமுறை போய்க் கேட்டேன். “ஒரு வாளி தண்ணி ஊத்தறதுல என்னம்மா கொறஞ்சு போயிடும்?” என்றார் அவள் வகுப்பு டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏதோ குறைந்துவிடும் போலிருக்கிறது.

அன்று காலையிலும் கிருபாதான் பினாயில் ஊற்றித் தேய்த்தாள். அதிகாரி பார்க்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாதென்று சார் பூட்டிவிட்டார். அதிகாரி வந்ததோ மத்தியானம். அதுவரை தாங்க முடியாமல் இவள் லைனைத் தாண்டிப் புதருக்குப் போயிருக்கிறாள். திரும்பும்போது எலக்ட்ரிக் டிரெயின்.

திருநீர்மலைப் பக்கம் கல் உடைத்துக்கொண்டிருந்த என்னை வந்து கூட்டிப் போனார்கள். நான் அழவில்லை. வராத அழுகையை எங்கே போய் வாங்குவது?

பள்ளிக்கூட நேரத்தில் ஊர் சுற்றப் போன பெண் என்று பேசினார்கள். போலீஸ்காரரும் அப்படியே எழுதிக்கொண்டார். பூட்டைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. பூட்டியிருந்தது என்று சார் வாயால் ஒரு தடவை, நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் செத்த பிறகும் என் பிள்ளைக்குக் கெட்ட பெயர்.

அடக்கம் முடிந்த மறுநாள் சார் மாலையோடு வந்தார். பாயை விரித்தேன். உட்காரவில்லை. வாசலில் காலனி சனம் முழுக்க நின்றது.

“அன்னிக்கு கக்கூஸு பூட்டிதான கீந்துச்சு, சார்?”

மழுப்புவார் என்று நினைத்தேன். அவர் யோசிக்கக்கூட இல்லை.

“பின்ன? அதிகாரி வர்ற நேரத்துல தெறந்து வெச்சா நாறிப் போயிடாதா?” பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். “நல்ல பொண்ணும்மா. கக்கூஸ் ரொம்ப சுத்தமா இருக்குன்னு அதிகாரியே பாராட்டினார்.”

நான் கேட்டது கிடைத்துவிட்டது. வாசலில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. அவர் கிளம்பியபோது எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நானும்தான்.